ஆண்பிள்ளைக் குளியலறை

நாட்டில் எழுத வேண்டியவை எத்தனையோ இருக்க, ஒருவன் தன் வீட்டுக் குளியலறையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்பவர்கள் நகைக்கட்டும். கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்த வழக்கு அந்த அறையைப் பற்றியதாகவே இருந்தது. அவ்வழக்கில் நான் ஒரு கட்சிக்காரன் என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவர் வேடம் எனக்குப் பொருந்தாது.

வழக்குக்குரிய அறை 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. சீமெந்துக் கல்லால் எழுப்பி, சாந்து பூசி, வெள்ளை அடித்தது. தகரக் கதவு. உள்ளே ஒரு சீமெந்துத் தொட்டி, ஒரு குழாய், சுவரில் இரண்டு ஆணி. இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 2008ஆம் ஆண்டிலே தொண்டு நிறுவனம் ஒன்று எங்களூரிலே வீடுகள் கட்டிக்கொடுத்தபோது வீட்டோடு சேர்ந்து வந்த அறை அது. அழகு என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை, வேண்டியதும் இல்லை.

என் மருமகன் கட்டாரிலே பதினொரு ஆண்டுகளாகத் தளவோடு பதிக்கும் தொழில் செய்கிறார். டோஹா நகரத்துப் பெரிய விடுதிகளிலே அவருடைய கை படாத சுவர்கள் குறைவென்று அவரே சொல்வார். அதில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் பதித்த ஓடுகளின் இடைவெளியிலே ஒரு மயிரிழை பிசகு காண முடியாது என்பதை நான் நேரிலே கண்டிருக்கிறேன். இம்முறை விடுமுறையில் வந்தவர், வந்த மறுநாளே தொலைபேசியை என்னிடம் நீட்டிச் சில படங்களைக் காட்டினார்.

"மாமா, இது ஆம்புளையளுக்கெண்டே செய்யிற பாத்ரூம். பழைய காலத்து மாதிரி. நம்மட வீட்டிலயும் இப்பிடி ஒண்டு செய்யப் போறன்."

பார்த்தேன். கரும்பச்சை வண்ணச் சுவர். பாதிச் சுவர் வரையில் இருண்ட மரப்பலகை. தரையிலே கறுப்பும் வெள்ளையுமாக அறுகோண ஓடுகள். பித்தளைக் குழாய்கள். சிங்கத்தின் பாதம்போலக் கால் வைத்த ஓர் இரும்புத் தொட்டி. சுவரிலே பாய்க்கப்பல் படம் ஒன்று, தோற்பட்டை ஒன்று, சவரக்கத்தி தீட்டுவதற்காம். நாவிதர் கடையையும் கப்பல் தலைவனின் அறையையும் ஒரு பழைய துரையின் நூலகத்தையும் ஒன்றாகக் கலந்து, நடுவிலே தண்ணீர் விட்டது போல இருந்தது.

இத்தகைய அறைகளை மேல்நாட்டாரும் வளைகுடா நாட்டு விடுதிக்காரரும் இப்போது பெரிதும் விரும்புகிறார்களாம். பழமையின் சாயல், ஆண்மையின் சாயல் என்று இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். மருமகன் ஐந்து இலட்சம் ரூபாயை இதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். பழைய வெள்ளை அறையை இடித்துவிட்டு, அதே இடத்திலே இதைக் கட்டுவது திட்டம்.

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. மாமன் மருமகன் முறையிலே உடனே மறுப்பது அழகன்று. ஆனால் அன்றிரவு முழுவதும் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. பழைய காலத்து ஆண்பிள்ளையின் குளியலறை என்றால், எந்த ஆண்பிள்ளை? எந்தப் பழைய காலம்?

எங்கள் ஊரின் பெயரைக் கவனியுங்கள். பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியிலே காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணி கேணியாகவே ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பாற்று வாவி. இரண்டுக்கும் நடுவே மணல்மேடு. உப்பு சூழ்ந்த அந்த நிலத்திலே நன்னீர் கிடைத்த இடமே ஊர் ஆயிற்று. ஆகவே கேணி ஊர்ப்பெயருக்குள் ஏறி அமர்ந்தது. பனிச்சை அதற்கு அடையாளமாய் நின்ற மரம். பனிச்சங்காயை இடித்து ஊற வைத்த சாற்றிலே மீனவர் வலைகளைத் தோய்ப்பார்கள். அந்தத் துவர்ப்பு நூலை உக்காமல் காக்கும். நைலோன் வந்த பிறகு அந்தத் தொழில் ஒழிந்தது. என் தந்தையாரின் விரல்களிலே அந்தக் கபிலக் கறை கடைசி வரை போகவே இல்லை.

அவரும் பழைய காலத்து ஆண்பிள்ளைதான். அவர் எங்கே குளித்தார்? வாவியிலிருந்து திரும்பியதும் வலையைக் கொம்பிலே விரித்துவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போவார். தென்னை மரத்திலே அறைந்த ஆணியிலே சாரத்தை மாட்டுவார். கோவணத்தோடு நின்று, ஏழெட்டு வாளி தண்ணீரைத் தலையிலே கவிழ்ப்பார். எங்கள் கிணறுகள் ஆழமற்றவை. ஒரு கைக்கயிறு போதும். பீர்க்கங்காய் நாரினால் முதுகைத் தேய்த்துவிட என்னை அழைப்பார். சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய் தேய்த்து, தேசிக்காயும் சீயாக்காயும் அவித்த நீரினால் தலை முழுகுவார். ஓடிய தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். தெருவிலே போகிறவர்கள் நின்று பேசுவார்கள். அவரும் உடம்பைத் தேய்த்தபடியே மீன் விலை சொல்லுவார். சவரம் அங்கேயும் நடப்பதில்லை. நாவிதர் முற்றத்துக்கு வந்து, மரத்து நிழலிலே பலகை போட்டு இருத்திச் செய்துவிட்டுப் போவார். தோற்பட்டை அவருடையது, எங்களுடையதன்று.

அதாவது, எங்கள் ஊரிலே பழைய காலத்து ஆண்பிள்ளைக்குக் குளியலறை என்று ஒன்று இருந்ததே இல்லை. அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கிணற்றடி முழுவதும் அவனுடையது. பட்டப்பகல் முழுவதும் அவனுடையது.

பெண்களுக்கோ கிணற்றடி அவ்வாறு கிடைக்கவில்லை. என் தாயார் விடியுமுன் குளித்தார். அல்லது இருண்ட பின் குளித்தார். குறுக்குக்கட்டோடு, கிடுகு மறைப்பின் பின்னால், ஒரு காது எப்போதும் தெருவிலே இருக்க. கிடுகு ஆண்டுக்கொரு முறை உக்கும்; புதியது கட்டும் வரை துணி தொங்கும். மறைப்பு, கதவு, கொளுக்கி என்ற இவையெல்லாம் பெண்ணின் தேவையிலிருந்து பிறந்தவை. குளிக்கும் இடத்தைச் சுவரால் அடைத்தது எங்கள் நாட்டிலே முதன்மையாக அவர்களுக்காக என்பது என் துணிபு. எனவே 'பழைய பாணியில் ஆண்பிள்ளைக் குளியலறை' என்பது, நம்மைப் பொறுத்த வரையில், முன்னோரில்லாத ஒரு வாரிசு.

அப்படியானால் மருமகன் காட்டிய படத்திலுள்ள பழமை பொய்யா? பொய்யன்று, வேறொருவருடையது. விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலச் செல்வர்கள், குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்த புதிதிலே, ஒரு படுக்கையறையை ஒழித்துக் குளியலறையாக்கினார்கள். அறை போன்றே அதை அலங்கரித்தார்கள். தொட்டியையும் மலக்கோப்பையையும் மரப்பெட்டிக்குள் மறைத்து, கம்பளம் விரித்து, சுவருக்குச் சித்திரத் தாளும் ஒட்டினார்கள். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, நோயைப் பரப்புவன கிருமிகள் என்ற அறிவு பரவியதும், அந்த மரமும் கம்பளமுமே அவர்களை அச்சுறுத்தின. ஈரம் தங்கும், அழுக்கு ஒளியும் என்று அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். வெள்ளை ஓடும், வெளியே தெரியும் குழாயும், கழுவிவிடக்கூடிய தரையும் வந்தது அதன் பிறகுதான். இன்று 'பழைய ஆண்மை' என்று விலை கூறப்படுவதிலே பாதி, அந்தப் பழையவர்களே நோய்க்குப் பயந்து கைவிட்டது. நான் வெறுமை என்று சொன்ன எங்கள் வெள்ளை அறையோ அவர்கள் பட்டறிந்து அடைந்த முடிவு.

அக்காலத்தவரின் பெருமைக்குரிய வேலை ஒன்றுண்டு. அது கண்ணுக்குத் தெரியாத இடத்திலே இருக்கிறது. மலக்கோப்பைக்குக் கீழே குழாயை வளைத்து, அந்த வளைவிலே எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி செய்து, துர்நாற்றம் மேலே ஏறாமல் தடுத்தார்களே, அதைச் சொல்கிறேன். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் 1775இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று பனிச்சங்கேணியிலே ஒரு ஏழையின் மலசலகூடத்திலும் அந்த வளைவு இருக்கிறது. பித்தளையும் சிங்கப்பாதமும் இல்லாமலே அந்தப் பழமை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரரின் பங்களாக்களிலே குளியலறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று படுக்கையறைக்குள் திறக்கும். மற்றது புறத்தே திறக்கும். இரண்டாவது கதவு, மலவாளியை எடுத்துச் செல்ல வரும் தொழிலாளிக்காக. துரை அவன் முகத்தைக் காணவேண்டியதில்லை. கக்கூசு என்ற சொல்லே நமக்கு ஒல்லாந்தர் விட்டுச் சென்றது; வாளி சுமக்கும் வேலையை யார் தலையிலே வைத்தோம் என்பதை நாமே அறிவோம். பழைய பாணி அறை கட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது கதவை மட்டும் ஒருவரும் மறுபடி வைப்பதில்லை.

இத்தீவிலே ஆண்கள் குளித்த பழைய இடம் வேண்டுமானால் அநுராதபுரத்துக்குப் போகலாம். அபயகிரி விகாரைத் துறவிகள் நீராடிய இரட்டைக் குளங்கள் அங்கே இருக்கின்றன. பெரியது 132 அடி நீளம். வாய்க்காலிலே வரும் நீர் நேரே குளத்துக்குள் இறங்குவதில்லை. முதலிலே ஒரு சிறு தொட்டியிலே தங்கி, மண்ணையும் சேற்றையும் அங்கே விட்டுவிட்டு, பிறகே உள்ளே வரும். கல்லின் அளவும் படியின் வரிசையுமே அதன் அழகு; ஒட்டவைத்த அலங்காரம் மிகச் சிறிது. அதே நகரத்தின் மேற்கு விகாரைகளிலே வேறொரு காட்சி. கந்தை உடுத்த கடுந்துறவிகள் வாழ்ந்த அந்தக் கட்டடங்களிலே ஒரு பூவேலையும் கிடையாது. ஆனால் சிறுநீர் கழிக்கும் கல்லிலே மட்டும் மாளிகை வடிவங்களை நுணுக்கமாய்ச் செதுக்கியிருக்கிறார்கள். ஆடம்பரத்தை இகழ்வதற்கென்றே அவ்வாறு செய்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அந்தக் கல்லை நான் முதன்முதலிலே பார்த்தபோது சிரித்துவிட்டேன். மருமகனின் படத்தைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

இனி எங்கள் மண்ணின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். மணல்மேட்டுக்குக் கீழே இருக்கும் நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். நன்னீர் சற்றே இலேசானது, அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு. அதை மறுபுறமாகவும் வாசிக்க வேண்டும்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறிவரும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கிணறுகளையெல்லாம் நிரப்பிச் சென்றபோது, அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தால் உப்புப் போய்விடும் என்று எண்ணி இறைத்தவர்கள் பலர். சில இடங்களிலே அளவுக்கு மீறி இறைத்ததாலேயே அடியிலிருந்த உப்பு மேலே வந்தது. பிறகு மாரி மழைதான் கிணறுகளை மெல்ல மெல்லத் திருத்தியது.

இத்தகைய மண்ணிலே சிங்கக்கால் தொட்டி ஒன்றை நிரப்ப 150 முதல் 200 லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். என் தந்தையார் வாளியால் குளித்தது அதிலே பாதி கூட வராது. போகும் நீர் எங்கே போகும் என்பதும் கேள்வி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இருக்கட்டும் என்றும், குழியின் அடி நிலநீருக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருக்கட்டும் என்றும் அனர்த்தக் காலத்துக்குரிய ஸ்பியர் நியமங்கள் கூறுகின்றன. எங்களூரிலே மாரியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். அந்த அளவெல்லாம் இங்கே எட்டாக் கனி. ஆகவே குறைத்துச் செலவிடுவதொன்றே எமக்குள்ள வழி. மரப்பலகைக்குச் செல் வரும். பித்தளைக்கு உப்புக்காற்றிலே களிம்பு ஏறும். இந்த இரண்டைப் பற்றியும் மருமகனிடம் சொன்னேன். அவர் தொழிற்காரர், மறுக்கவில்லை. "பூச்சு இருக்கு மாமா" என்றார்.

அப்போதுதான் என் மகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கிறது ஆரு? நீங்க மறுகா டோஹாவுக்குப் போயிருவீங்க."

வீட்டிலே கொஞ்ச நேரம் பேச்சில்லை.

மட்டக்களப்பு நாட்டின் வழக்கத்தை அறியாத வாசகருக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். எங்களிடையே குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றிலே தங்கி இந்த முறையை ஆராய்ந்து 2008இல் விரிவான நூலாக்கியிருக்கிறார். ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உதவியாளர்கள் பலருக்கு இது புரியவில்லை. வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டு ஆண்களின் பெயரை எழுதினார்கள். காலங்காலமாகப் பெண்ணின் கையிலிருந்த வீட்டுறுதி, உதவி என்ற பெயரிலே கைமாறக்கூடிய நிலை வந்தது. எங்கள் வீட்டு உறுதியை மனைவியின் பெயருக்கு எழுதுவிக்க நான் ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். அவளுக்குப் பின் அது மகளுடையது. நானும் இந்த வீட்டிலே ஒரு காலத்தில் வந்து சேர்ந்த மருமகனே. இப்போதிருக்கும் மருமகனும் அப்படியே. பெண்ணின் வீட்டிலே ஆண்பிள்ளைக் குளியலறை கட்டுவதென்றால் முதலிலே வீட்டுக்காரியைக் கேட்க வேண்டாமா? நாங்கள் இருவரும் படத்தைப் பார்த்தும் விலை பேசியும் இரண்டு வாரம் கழித்தோமே தவிர, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குற்றத்திலே எனக்கும் பங்குண்டு.

என் எதிர்ப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை முதலிலே சொல்ல நா எழவில்லை.

2006ஆம் ஆண்டின் இறுதியிலே வாகரைப் பகுதியிலே சண்டை மூண்டபோது நாங்களும் மற்றவர்களைப் போல ஊரை விட்டு ஓடினோம். 2007 தை மாதத்திலே வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தது. அந்த ஆண்டிலே பல மாதங்கள் கூடாரத்திலே இருந்தோம். பிளாஸ்ரிக் விரிப்பினாலே நான்கு பக்கமும் மறைத்த ஓரிடம் பெண்களுக்குக் குளிப்பதற்கு; மேலே திறப்பு, காற்றடித்தால் பக்கமும் திறப்பு. முகாமின் நடுவிலே விளக்குக் கம்பம். என் மனைவி அங்கே இருந்த காலம் முழுவதும் உடுத்த துணியோடே குளித்தாள். பகலிலே ஒரு நாளும் குளித்ததில்லை. அவள் முறையிடவும் இல்லை. எல்லாரும் அப்படித்தானே என்பாள்.

ஊர் திரும்பி, அந்த வெள்ளை அறை கட்டி முடிந்த முதல் கிழமை. காலை பத்து மணி இருக்கும். அவள் துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், கொளுக்கி விழும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து கதவைத் தட்டினேன்.

"ஒண்டுமில்ல. சும்மா இருக்கிறன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விடுங்க" என்றாள்.

அப்போது அவளுக்கு வயது 52. பிறந்த நாள் முதலாகப் பகல் வெளிச்சத்திலே, கதவைப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் காது கொடுக்காமல் அவள் குளித்த முதல் நாள் அது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கே குளித்தாள். அவள் இறந்து இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தகரக் கதவை இடித்துப் போடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க விரும்பவில்லை.

ஒருநாள் மாலையிலே இதை மருமகனிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போய், தம்முடைய பெட்டியிலிருந்து ஒரு சிறு தகர டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே பழைய சவரப்பொறி ஒன்று. அலகைத் திருகி மாட்டுவது. ஒரு தூரிகை, மயிர் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. அவருடைய தந்தையாருடையவை. 1990ஆம் ஆண்டிலே அவரை இழந்தபோது மருமகனுக்கு வயது ஐந்து. தந்தையாரின் முகம் தெளிவாக நினைவில்லை. கிணற்றடியிலே கன்னத்திலே சவர்க்கார நுரையோடு நின்ற ஒரு தோற்றம் மட்டும் நினைவிருக்கிறதாம். தாயார் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதெல்லாம் இந்த டப்பாவைக் கைவிடவில்லை.

"விடுதியில அந்தப் பெரிய ஆக்கள்ற பாத்ரூம் வேலை முடிச்சாப் பிறகு, நாங்க அங்க கை கழுவவும் ஏலாது மாமா. பொலிஷ் போட்டு நூல் கட்டிருவாங்க. ஒரு இடத்தில கண்ணாடிக்குக் கீழ இப்பிடி ஒரு தட்டு வெச்சன். அதில பழைய சவரச் சாமானெல்லாம் காட்சிக்கு வெச்சிருந்தாங்க. ஆருடையதோ. இதையும் இப்பிடி ஒரு தட்டில வெக்கலாமெண்டு அப்பதான் நினைச்சன்."

படத்திலே நான் கண்டது துரையின் அறை. அவர் கண்டது ஒரு தட்டு. இதை அறியாமல் இரண்டு வாரம் அவருடைய ஆசையை மனத்துக்குள் எள்ளி நகைத்திருந்தேன் என்று எண்ணும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பதினொரு ஆண்டுகள் பிறருடைய பழமையைப் பிசகின்றிப் பதித்துக் கொடுத்தவருக்குத் தம்முடைய பழமைக்கு ஓரிடம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எங்கள் பகுதியிலே தந்தையில்லாமல் வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்மையின் சாயல் எது என்று காட்ட வீட்டிலே ஆளில்லை. விளம்பரப் படம் வந்து காட்டுகிறது.

இருந்தும் நான் கொண்ட கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இடிப்பது வேண்டாம், இருப்பதைத் திருத்துவோம் என்றேன். இம்முறை மகளை முதலிலே கேட்டோம். அவள் பட்டியல் நீளமானதன்று. உட்புறக் கொளுக்கி உறுதியாக வேண்டும். உயரத்திலே ஒரு சாளரம், வெளிச்சம் வர வேண்டும். வெளியிலிருந்து தலை தெரியக் கூடாது. மாற்றுடுப்பு நனையாமல் வைக்க ஓரிடம். முழங்கால் நோவுள்ள அப்பா பிடித்து எழும்ப ஒரு கம்பி. என்னையும் கணக்கிலே சேர்த்திருந்தாள்.

வேலை 19 நாள் நடந்தது. மருமகனே மேசன், நான் கையாள். தரைக்குப் பழைய வீடுகளிலே இருப்பது போலச் சிவப்புச் சீமெந்து இட்டார். கரும்பச்சை வண்ணத்தைக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. ஒரு சுவருக்கு மட்டும் அதை அடித்தார், ஏனைய மூன்றும் வெள்ளை. பார்க்கக் கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். போகும் நீரைச் சல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழியிலே வடித்து, வாழைக்குத் திருப்பினோம். சிங்கக்கால் தொட்டி வரவில்லை. அதை ஏற்றி இறக்கும் கூலியே மருமகனின் மனத்தை மாற்றிவிட்டது. என் நிலநீர்க் கணக்கு அதற்கு உதவியதாக நான் பெருமை கொள்ள முடியாது. கண்ணாடிக்குக் கீழே ஓடாவி ஒருவர் முதிரைப் பலகையிலே ஒரு தட்டுச் செய்து தந்தார். தகர டப்பா அதன் மேல் இருக்கிறது. தகரக் கதவு அங்கேயே இருக்கிறது. கொளுக்கி மட்டும் புதியது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட பித்தளைக் குழாய்கள் இரண்டை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியது. ஒன்றைக் கிணற்றடியிலே, நீர்த்தாங்கியிலிருந்து வரும் குழாயிலே பூட்டினோம். மற்றது இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. போகும் நாளன்று விடியற்காலையிலே மருமகன் அந்தக் குழாயடியிலே நின்று, தென்னை மரத்திலே கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் செய்துகொண்டார். புதிய அறை அப்போது வெறுமையாகத்தான் இருந்தது. ஏன் வெளியிலே என்று நான் கேட்கவில்லை.

சென்ற கிழமை டோஹாவிலிருந்து பேசினார்.

"பைப் எப்பிடி மாமா?"

"பச்சை பிடிச்சிற்று, மருமகன்."

"புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்களன்."

"ஆரைச் சொல்ல?"

மறுமுனையிலே சிரிப்புக் கேட்டது. "சரி, சரி. சித்திரைக்கு வந்து நானே தேய்க்கிறன்" என்றார்.